ஸ்டாக் ஃபீல்டு கேலரியை இடித்தது சரிதானா?

நூலகப்பூனை:
சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரெகன்ஸ்டைன் நூலகத்துப் பக்கத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கம் காளான் மேகம். 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கிய இடம் அது. அப்போது அங்கே ஸ்டாக் ஃபீல்டு என்ற அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் இருந்தது. மேற்கு கேலரிக்கு அடியில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட், அதற்குள்தான் உலை. 1957-ல் கேலரியை இடித்துவிட்டார்கள். போகட்டுமே என்பது என் கட்சி. பழைய மைதானத்தில் இன்று நூலகம் நிற்கிறது, அதில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் பாடம் நடத்திய வளாகத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

கருங்கல்:
நூலகத்தை இழுக்காதீர்கள். கேலரி விழுந்தது 1957-ல், நூலகம் திறந்தது 1970-ல். நடுவில் பதின்மூன்று வருடம். புத்தகம் வைக்க இடமில்லாமலா இடித்தார்கள்? அதே 1957-ல், அதே வளாகத்தின் ஓரத்தில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய ரோபி வீட்டையும் இடித்து விடுதி கட்ட ஓர் இறையியல் கல்லூரி கிளம்பியது. ரைட் 89 வயதில் நேரில் வந்து சண்டை போட்டார். வீடு பிழைத்தது, 2019-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. கேலரிக்காகக் கத்த ஒரு ரைட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நூலகப்பூனை:
வீடு கலைப்படைப்பு. கேலரி உட்காரும் படிக்கட்டு. உலையை 1943-லேயே கழற்றி நகருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். மூலவர் போன பிறகு கருவறைச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

கருங்கல்:
மாமல்லபுரத்தில் பாதி மண்டபத்தில் பூசையே கிடையாது. இடித்துவிடலாமா?

அந்த ஸ்குவாஷ் கோர்ட்டின் கதையே தனி. உலையை நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டத்தான் திட்டம். அங்கே தொழிலாளர் தகராறில் வேலை நின்றது. உலைத் திட்டத்தை நடத்திய ஆர்தர் காம்ப்டன், பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸைக் கேட்காமலே, ஊருக்கு நடுவில் கட்டச் சம்மதம் கொடுத்துவிட்டார். கிராஃபைட் கட்டிகளை 57 அடுக்காக ஏற்றி, மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். கதிர்வீச்சைத் தடுக்கச் சுவர் இல்லை, குளிரூட்டவும் எதுவும் இல்லை. ஃபெர்மி நின்றது கோர்ட்டைப் பார்க்கும் பால்கனியில். பிற்பகல் 3:25-க்குத் தொடர்வினை பிடித்தது. அரை வாட் வரைதான் ஏற்றினார்கள். ஒரு சைக்கிள் விளக்குக்குக்கூடப் போதாது! அந்தப் பால்கனியில் போய் நின்று பார்த்தால் புரிவது சிலையைப் பார்த்தால் புரியாது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது 1965-ல். ஆள் போய் எட்டு வருடம் கழித்துப் பாராட்டு விழா.

ஓட்டக்காரன்:
இருவருமே ஃபெர்மி புராணம்தான் பாடுகிறீர்கள். மைதானத்துக்குப் பெயர் கொடுத்த அமோஸ் அலான்சோ ஸ்டாக் 1892 முதல் 1932 வரை அங்கே கோச். சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பையை 1935-ல் வாங்கிய ஜே பெர்வாங்கர் ஆடியதும் அதே புல்லில். 1939-ல் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே மூடினார். ஆட்டம் செத்த மைதானம் என்பதால்தானே உலையைக் கொண்டுவந்து ஒளித்துவைக்க முடிந்தது? உலை வராமல் இருந்தாலும் அது காக்க வேண்டிய இடம்தான்.

நூலகப்பூனை:
ஓட்டக்காரன் அண்ணே, அப்படிப் பார்த்தால் கோல் போட்ட மைதானத்தையெல்லாம் பூட்டிவைக்க வேண்டியதுதான்.

ஓட்டக்காரன்:
யார் பூட்டச் சொன்னது? அதே வளாகத்தில் 1904-ல் திறந்த பார்ட்லெட் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. உள்ளே போனால் இப்போது மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கட்டடம் அப்படியே நிற்கிறது, வேலை மட்டும் மாறிவிட்டது. கேலரியையும் அப்படி ஏதாவது செய்திருக்கலாம். உங்கள் நூலகத்தில் ஒரு பகுதியாகக்கூட.

நூலகப்பூனை:
பார்ட்லெட் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு கோர்ட்டையும் பால்கனியையும் விட்டுவைத்திருக்கலாம், அதுவரை வருகிறேன். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் முழுவதும் என்றால் வரமாட்டேன்.

கருங்கல்:
நான் முதலிலிருந்து கேட்பதும் அந்தக் கோர்ட்டைத்தான் ஐயா.

ஓட்டக்காரன்:
நான் கேட்டது மைதானம். என்னை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?