பால் பக்கற்றில் ட்றைபொயின்ற்: வாவித் தண்ணீருக்கு எப்படிக் கீறுவது?

கல்லடி_கீறல்
ஒரு லீற்றர் மட்டைப் பால் பக்கற்றை விரித்து, உள்ளே வெள்ளியாய் மினுங்கும் பக்கத்தில் தையல் ஊசியால் கீறுகிறேன். அதில் மை பூசித் துடைத்து, கீறலில் நின்ற மையை ஈரத்தாளில் அழுத்திப் பிரதி எடுக்கும் ட்றைபொயின்ற் முறை. தோணி சரியாக விழுகிறது, வாவித் தண்ணீர்தான் வரவில்லை. நெருக்கிக் கீறினால் கிழிந்து கறுப்புத் திட்டாகிறது. விட்டுக் கீறினால் வெறும் கோடு. எண்ணெய் மை, 200 கிராம் தாள், சிறிய உருளை அச்சுப் பொறி.

மட்டுநகர்_அச்சு
மேலே மெல்லிய பிளாஸ்ரிக், அடுத்து அலுமினியம், அதற்குக் கீழே மட்டை. ஊசி மட்டையைத் தொட்டால் மை நன்றாகப் பிடிக்கும். கோடுகள் அரை மில்லிமீற்றரிலும் நெருங்கினால் நடுவிலுள்ள அலுமினியம் பிடிமானமில்லாமல் உரிந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

தண்ணீரைக் கோட்டாலேயே காட்ட வேண்டுமா என்ன? தையற்காரர் அடையாளமிடும் பற்சில்லை உருட்டினால் புள்ளி வரிசை வரும். 400 நம்பர் சாண்ட் பேப்பரைக் கிடையாக இரண்டு தரம் இழுத்தால் மெல்லிய சாம்பல். தோணியின் நிழலுக்கு, கத்தி நுனியால் ஓரத்தை மட்டும் கீறி அலுமினியத்தை உரித்தெடுங்கள். அது முழுக் கறுப்பாக விழும். மிஞ்சிக் கறுத்தால் தச்சர் பூசும் பிரெஞ்ச் பொலிஷ் ஒரு பூச்சு.

அக்கரைப்பற்று_மை
அது சரி, ஆனால் பாதித் தண்ணீர் துடைப்பில்தான் இருக்கிறது தங்கச்சி. மென்துணி கீறலுக்குள் புகுந்து மையை எடுத்துவிடும். காயத்துக்குக் கட்டும் கோஸ் துணியைக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்து, உருண்டையாகப் பிடித்து வட்டமாகத் துடையுங்கள். பிறகு வானத்தில் மட்டும் பத்திரிகைத் தாளைத் தட்டையாக வைத்து இழுங்கள். தண்ணீரில் மைப் படலம் கொஞ்சம் நிற்கட்டும். ரெம்பிராண்ட் 1650களில் செப்புத் தகட்டில் இருட்டை வரவழைத்ததும் இப்படித்தான். பிரதிக்குப் பிரதி மாறும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

தாளை 15 நிமிடம் ஊறவைத்து, துவாய்க்குள் வைத்து ஒற்றுங்கள். மேலே மினுக்கம் தெரிந்தால் ஈரம் கூட. மை ஒட்டாமல் வெள்ளைப் புள்ளி விழும்.

கல்லடி_கீறல்
நன்றி. ஒரு பக்கற்றில் எத்தனை பிரதி எடுக்கலாம்? மாரியில் மை காயவும் மாட்டேன் என்கிறதே.

மட்டுநகர்_அச்சு
பத்துக்கு மேல் நம்ப வேண்டாம், கோடு நசுங்கிவிடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூராக இருந்தால் ஈரத்தாளைக் கிழிக்கும். மார்கழியில் பிரதிகளை அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். நனைத்து மிஞ்சிய தாளை அடுத்த கிழமைக்கு வைத்தால் பூஞ்சணம்தான்.

அக்கரைப்பற்று_மை
பிரதி இடவலம் மாறி விழும், தோணியில் பெயர் இருந்தால் மாற்றிக் கீறுங்கள்.