டாடா 207: எஃப்சி எடுத்து விற்பதா, ஸ்கிராப்பா?

அப்பாவின் டாடா 207 டிஐ பிக்கப்பை விற்க வேண்டும், வழி தெரியவில்லை. 2005 மாடல், டிஎன் 63 பதிவு, காரைக்குடியில் நிற்கிறது. ஆத்தங்குடிக் கல் ஏற்றியே ஓடிய வண்டி. இன்ஜின் இன்றும் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. ஆனால் பாடித் தகரம் அரித்து, டிரைவர் காலடியில் ரோடு தெரிகிறது. எஃப்சி (வண்டி ஓடத் தகுதிச் சான்று) 2022-லேயே முடிந்துவிட்டது, இன்சூரன்சும் இல்லை. ஆர்சி அப்பா பெயரில். கடன் பாக்கி கிடையாது.

மதுரை புரோக்கர் போட்டோ பார்த்ததோடு சரி. வெல்டிங், பெயின்ட்டுக்குப் பட்டறையில் கேட்ட தொகை வண்டி விலையையே தொடுகிறது. பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுப்பாராம், ஆர்சியை ரத்து செய்வது எங்கள் பாடாம். அப்படிக் கொடுத்தால் அந்த சேஸிஸ் நம்பர் நாளைக்கு எந்த வண்டியில் ஏறுமோ, அப்பா தலையில் வந்து விடியும்.

எஃப்சி எடுத்து விற்பதா, அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதா, எதில் கையில் காசு நிற்கும்?