லிப்பிட் அமைப்பு உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

லிப்பிட் (கொழுப்பு, எண்ணெய் போன்ற பொருள்கள்) பற்றிப் பாடத்தில் படித்தது கண்ணுக்குத் தெரிந்த தருணம் ஏதாவது இருந்தால் எழுதுங்களேன். எனக்கு அது பந்து-குச்சி மாதிரியைக் கையில் எடுத்த அன்று. ஸ்டியரிக் அமிலம், ஓலியிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களிலும் 18 கார்பன்தான். ஆனால் முன்னது உருக ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். பின்னதற்கு 13, 14 போதும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? 9, 10-வது கார்பன்களுக்கு நடுவே சிஸ் இரட்டைப் பிணைப்பை (சங்கிலியின் இரு பகுதிகளும் ஒரே பக்கம் வருவது) போட்டதும் சங்கிலி அந்த இடத்தில் மடங்கிவிட்டது. இன்னொரு சங்கிலியை ஒட்டி வைத்தால் பொருந்தவே இல்லை. ஸ்டியரிக் சங்கிலிகளோ நெருக்கமாக அடுக்கி நின்றன. அதே பிணைப்பை டிரான்ஸாக (இரு பகுதிகளும் எதிரெதிர்ப் பக்கம்) மாற்றினேன், கிட்டத்தட்ட நேராகிவிட்டது! டிரான்ஸ் கொழுப்பு ஏன் எளிதில் கெட்டியாகிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

எனக்கு ஆய்வகத்தில். முட்டை மஞ்சள் கருவின் லிப்பிடைப் பிரித்தெடுத்து, சிலிக்கா தகட்டில் பொட்டு வைத்து, ஹெக்சேன் மிகுந்த கரைப்பானில் ஏறவிட்டோம். அயோடின் ஆவி பட்டதும் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ட்ரைகிளிசரைடு (கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்பு) நன்றாக மேலே போயிருந்தது, பாஸ்போலிப்பிட் வைத்த இடத்திலேயே நின்றது. இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பது அதே கிளிசரால். மூன்றாவது கொழுப்பு அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்பேட்டும் கோலினும் வந்துவிட்டன, அவ்வளவுதான். மின்னூட்டமுள்ள அந்தத் தலை சிலிக்காவை விடுவதில்லை. செல்சவ்வில் தண்ணீரைப் பார்த்து நிற்பதும் அதே தலைதான். கொழுப்பு அமில வால்கள் இரண்டும் உள்பக்கம் ஒதுங்கிக்கொள்கின்றன. ஒரு புள்ளியைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது அன்றுதான்.

*

நான் பாடம் எடுப்பவன். "கொலஸ்டிராலில் கொழுப்பு அமிலமே இல்லையே, அதை எதற்கு சார் லிப்பிடில் சேர்க்கிறோம்?" என்று ஒரு மாணவி கேட்டார். அருமையான கேள்வி. புரதத்தை அதன் அமினோ அமிலங்களை வைத்து அடையாளம் காண்கிறோம். லிப்பிடுக்கு அப்படி ஒரு பொதுவான அலகு கிடையாது. தண்ணீரில் கரையாது, கரிமக் கரைப்பானில் கரையும் என்பதுதான் அளவுகோல். கொலஸ்டிராலில் 27 கார்பன், ஒட்டிய நான்கு வளையங்கள், ஓரத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில். அந்த ஹைட்ராக்சில் சவ்வின் தலைகளோடு நிற்க, விறைப்பான வளையங்கள் வால்களுக்கு நடுவே நுழைகின்றன. சூட்டில் வால்கள் அதிகம் அலையாமல் பிடிக்கும், குளிரில் அவை இறுகிப் போகாமலும் தடுக்கும். இந்த இரட்டை வேலையை வகுப்பில் அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது என்பது என் கருத்து.

*

சார், ஸ்பிங்கோமயலின் என்ற லிப்பிடில் கிளிசராலும் இல்லையே, அங்கே ஸ்பிங்கோசின் அல்லவா? நரம்பிழைகளின் மயலின் உறையில் இருப்பது. அதை மாதிரியாகக் கட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.