மறுமொழி: மூளை நுண்குருதிப்பெருக்கு – மாற்றுச்சொல்

வணக்கம். மூளையின் நுண்நாளங்களிலிருந்து சிறிதளவு ரத்தம் கசிவதை ஆங்கிலத்தில் 'cerebral microbleed' என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் இங்கே ஒருவர் கேட்டது:

> 'நுண்குருதிப்பெருக்கு' என்றே வைத்துவிடலாமா?

வேண்டாமே. 'நுண்' என்று தொடங்கிப் 'பெருக்கு' என்று முடிகிற சொல் தன்னோடு தானே சண்டை போடுகிறது.

மதுரையில் ஸ்கேன் அறிக்கைகளைக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் வந்தார். மகனுக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிமட்டத்தில், வென்டிலேட்டரில் கிடக்கிறான். எம்ஆர்ஐ படத்தில் பொட்டுப் பொட்டாகக் கறுப்புப் புள்ளிகள். அறிக்கையை யாரோ 'ரத்தப்போக்கு' என்று படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "தலைக்குள்ள இன்னும் ரத்தம் ஓடுதாய்யா?" என்கிறார். வேறென்ன நினைப்பார்?

அந்தப் புள்ளி ஓடுகிற ரத்தமல்ல. நுண்நாளத்திலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு ஹீமோசிடரின் என்ற பழுப்புக் கறையாகப் படிந்த இடம். இரும்பு எம்ஆர்ஐயின் காந்தப்புலத்தைக் கலைப்பதால் புள்ளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படியும் 10 மில்லிமீட்டரைத் தாண்டாது. சிடி ஸ்கேனில் பெரும்பாலும் சிக்காது.

"போர் தண்ணி பிடிக்கிற வாளியில காவி படியுமில்ல, அது மாதிரிங்கய்யா. தண்ணி போயிரும், கறை நிக்கும்" என்றேன். சற்று நேரம் கழித்துத் தலையாட்டினார்.

அதனால் நிகழ்வுக்கு 'நுண்கசிவு', படத்தில் தெரிவதற்குக் 'கசிவுத்தடம்' என்கிறேன். முதலில் 'காவித்தடம்' என்றுதான் எழுதினேன். வீண் வம்பு எதற்கு என்று அழித்துவிட்டேன். 'குருதி' சேர்ப்பதா? மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீரும் கசியக்கூடியதுதான். எனவே முதல்முறை 'மூளை நுண்குருதிக்கசிவு' என்று முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

'ரத்தக்கட்டு' மட்டும் கூடவே கூடாது. எங்கள் ஊரில் பக்கவாதம் எதுவானாலும் 'மூளையில ரத்தக்கட்டு'தான். ரத்தம் உறைந்து நாளத்தை அடைத்திருந்தால் உறைவைத் தடுக்க மருந்து தருவார்கள். கசிவு இருந்தால் அதே மருந்தைத் தொடவே யோசிப்பார்கள். தட்டணு குறைந்த நோயாளியிடம் இந்த யோசனை இன்னும் கூடுதல். எதிரெதிரான இரண்டுக்கும் ஒரே பெயரா?

இன்னொரு சிக்கல் பாக்கி. ரத்தக்கொதிப்பால் வரும் தடங்கள் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் இருக்கும். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களிடமோ, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையில் அவை சிதறிக் கிடப்பதுண்டு. இடத்தையும் சேர்த்து 'இணைப்புக்கற்றைக் கசிவுத்தடம்' என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள் அடங்கவில்லை. யாராவது சுருக்கித் தருகிறீர்களா?