மகளுக்குக் கீரிப்பூச்சி: ஆடுதின்னாப்பாளைச் சாறு கொடுக்கலாமா?

தாராபுரத்து அம்மா:
மகளுக்கு ஐந்து வயது. பத்து நாளாக நடுராத்திரியில் ஆசனவாய் அரிக்கிறது என்று எழுந்து அழுகிறாள். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டு மாதிரி இரண்டு நெளிந்தன. அத்தை வரப்பில் இருந்து ஆடுதின்னாப்பாளை பறித்து வந்து வைத்திருக்கிறார். நாளைக் காலை வெறும் வயிற்றில் ஒரு சங்கு சாறு கொடுத்தால் எல்லாம் விழுந்துவிடும் என்கிறார். என் கணவருக்கும் சின்ன வயதில் அதைத்தான் கொடுத்தாராம். பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?

வேம்படி:
எங்கள் வீட்டில் வேப்பங்கொழுந்தும் ஓமமும் அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டிக் கருப்பட்டியோடு கொடுப்போம். குப்பைமேனிச் சாறும் கேட்கும். ஊரில் எல்லோரும் இப்படி வளர்ந்தவர்கள்தான்.

ஓய்வுபெற்ற செவிலி:
கண்ணு, அந்தச் சாற்றைக் கொடுக்காதே. முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

எனக்கும் பாட்டி அதைக் கொடுத்திருக்கிறார். சாம்பல் பூத்த இலை, கருஞ்சிவப்பில் குழல் மாதிரி பூ. நாக்கில் பட்ட கசப்பு சாயங்காலம் வரை போகாது. ஆடு வாய் வைக்காத செடி என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். சிவப்பு உடம்புள்ள கறுப்பு வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். அதன் புழு இலையைத் தின்று விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகளும் அதை ஒதுக்கும். அந்த விஷம் அரிஸ்டலோக்கிக் அமிலம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கு இந்தக் குடும்பத்துச் செடிதான் காரணம். பாதிப்பு உடனே தெரியாது. அதனால்தான் நம் பெரியவர்களுக்கு அது தப்பாகப் படவில்லை. அத்தை மேல் குறை இல்லை.

வேம்படிக்கும் ஒரு வார்த்தை. வேப்பம்பூ ரசம், சுண்டைவற்றல் எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தை வாயில் ஊற்றி வலிப்பு வந்த சம்பவங்கள் உண்டு. ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது, உள்ள பிள்ளைக்குக் குப்பைமேனி இரத்தச் சிவப்பணுவையே சிதைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

சரி, கீரிப்பூச்சிக்கு வருவோம். பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், அதுதான் அரிப்பு. பிள்ளை சொறிகிறாள், முட்டை நகத்துக்குள் போகிறது, விரல் வாய்க்குப் போகிறது. சில மணி நேரத்திலேயே முட்டை அடுத்த வயிற்றுக்குத் தயார். படுக்கையில் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு கிடக்கும்.

அதனால் மகளுக்கு மட்டும் மருந்து போதாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள். கர்ப்பிணி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை முழுசாகக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாத்திரை கட்டாயம். பள்ளியில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 வாக்கில் கொடுப்பதும் இதே மாத்திரைதான், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், நகத்தை ஒட்ட வெட்டு. காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளிப்பாட்டி ஜட்டியை மாற்று. விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து, வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடு.

தாராபுரத்து அம்மா:
அத்தைக்குப் படித்துக் காட்டினேன் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே செடியை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, சின்னவனுக்கு என்ன செய்வது என்று கேட்கச் சொன்னார். அவனுக்கு ஒன்றரை வயது.

ஓய்வுபெற்ற செவிலி:
இரண்டு வயதுக்குள் என்றால் பாதி மாத்திரைதான், 200 மில்லிகிராம். நீயாகக் கொடுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கொடு. பொடித்துத் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், முழுசாகப் போட்டால் புரையேறிவிடும். இரண்டாவது மாத்திரைக்கான தேதியை இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டு வை. அரிப்பு நின்றதும் அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.