பூண்டை நசுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா?

மலைக்காபி (ஏற்காடு):
இங்கே மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பூண்டுப்பால்தான். நான் தோலுரித்த பல்லை முழுசாகப் பாலில் போட்டுக் கொதிக்க விடுவேன், அப்பாயி அதைப் பார்த்தாலே திட்டும். அம்மியில் நசுக்கி, ஒரு வெத்தலை போடுகிற நேரம் சும்மா வைத்துவிட்டுத்தான் பாலில் போட வேண்டுமாம். ஏன் என்றால் "அப்பத்தான் காரம் எறங்கும்", அதோடு சரி. இதில் விஷயம் ஏதாவது இருக்கிறதா?

லீபஜார்வாசி:
இருக்கிறது. முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், வாடையே பெரிதாக இருக்காது. அதற்குள் அல்லியின் என்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும் அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் கிடக்கின்றன. நசுக்கினால்தான் இரண்டும் கலந்து அல்லிசின் ஆகும்; அந்த மூக்கைத் துளைக்கிற வாடையும், கிருமியை அடக்கும் குணமும் அதனுடையவை. 1944-ல் கவலிட்டோ, பெய்லி என்ற ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். நீங்கள் செய்வது போல முழுசாக வேகவைத்தால் நொதி சூட்டில் செத்துவிடும், அப்புறம் எவ்வளவு நசுக்கினாலும் வேலைக்காகாது. பத்து நிமிஷம் விட்டால் போதும். அல்லிசினும் சூடு தாங்காது என்பதால் பாலை இறக்கும்போது போடுங்கள். கடுகும் இதே கதைதான், அரைத்தால்தான் நெடி ஏறும். ஆனால் சளிக்கு மருந்து என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை, இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

செவ்வாப்பேட்டை அக்கா:
காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. முழங்கால் வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று பச்சைப்பூண்டை அரைத்து ராத்திரி பூரா கட்டிப் படுத்தேன். காலையில் துணியை அவிழ்த்தால் நெருப்பில் சுட்ட மாதிரி கொப்புளம், வலி போகவில்லை, தழும்புதான் மிச்சம். தோலில் கட்டவே கட்டாதீங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பச்சைப்பூண்டை அள்ளிப் போட வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

மலைக்காபி:
நேற்று அப்பாயி சொன்னபடியே செய்தேன். காலையில் சேலம் பஸ்ஸில் பக்கத்து ஆள் இருபது கொண்டை ஊசியும் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டே வந்தார். ரெண்டு தடவை பல் தேய்த்திருந்தேன்!

லீபஜார்வாசி:
அந்த வாடை வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. அல்லைல் மெத்தில் சல்பைடு என்ற பூண்டின் கந்தகச் சேர்மம் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வரும், பிரஷ் என்ன செய்யும்? இத்தனைக்கும் பூண்டு வாடையைப் பால் கொஞ்சம் அமுக்கும். எத்தனை பல் போட்டீங்க?

மலைக்காபி:
பதினாலு.