‘நெவர் மைண்ட் த பொல்லாக்ஸ்’: புகழ் பாட்டுக்கா, பரபரப்புக்கா?

நாலுகட்டை:

செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வெளியிட்ட ஒரே ஸ்டூடியோ ஆல்பமான ‘நெவர் மைண்ட் த பொல்லாக்ஸ், ஹியர்ஸ் த செக்ஸ் பிஸ்டல்ஸ்’ 1977 அக்டோபர் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. எளிமையும் வேகமும் கலகமும் கொண்ட பங்க் ராக் இசை என்ற பேச்சு எழுந்தாலே எல்லோரும் முதலில் கைகாட்டுவது இந்த மஞ்சள் அட்டையைத்தான். சென்ற வாரம் மூன்று முறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆல்பத்தின் புகழில் பாதிக்கு மேல், 1976 டிசம்பரில் தொலைக்காட்சி நேரலையில் வசைச்சொல் பேசியதற்கும், இரண்டு இசைத்தட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கைகழுவியதற்கும், அரசியின் வெள்ளிவிழா ஆண்டில் அரசியையே சீண்டியதற்கும் கிடைத்த கூலியே தவிர, பாட்டுக்குக் கிடைத்ததன்று.

பன்னிரண்டு பாடல்களில் நான்கு ஏற்கெனவே தனித்தட்டுகளாக வந்தவை. ‘அனார்க்கி இன் த யு.கே.’ அப்போதே ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தை. புதுமை என்று பார்த்தால், நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976 ஏப்ரலிலேயே இதைவிட வேகமாகவும் சிக்கனமாகவும் செய்து காட்டிவிட்டார்கள். இங்கிலாந்திலும் த டேம்ன்ட் குழுவின் முதல் ஆல்பம் 1977 பிப்ரவரியிலும், த கிளாஷ் குழுவினுடையது ஏப்ரலிலும் வந்துவிட்டன. எல்லாவற்றையும்விட உறுத்துவது வேறொன்று. ‘யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்’ என்று முழங்கிய இயக்கத்தின் வேதநூலாகக் கொண்டாடப்படும் இந்த ஆல்பம், பீட்டில்ஸின் பதிவுகளில் பணியாற்றியவரும் பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தின் ஒலிக்கலவையில் கைவைத்தவருமான கிறிஸ் தாமஸைக் கொண்டு, வெசெக்ஸ் ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகப் பூசி மெழுகப்பட்டது. தலைமுடியைக் குறைத்துக்கொண்ட ஹார்ட் ராக் என்றுதான் என் காதுக்குக் கேட்கிறது.

ஆறாம்தந்தி:

நாலுகட்டை அவர்கள் குறையாகச் சொல்வதையே நான் இந்த ஆல்பத்தின் முதல் நிறையாகச் சொல்வேன். இருபது ஆண்டுகளாகக் கிதார் வாசிப்பவன் என்ற முறையில், ‘ஹாலிடேஸ் இன் த சன்’ பாடலின் முதல் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பூட்ஸ் கால்கள் தரையை மிதித்து அணிவகுக்கும் ஓசை முதலில் வருகிறது. அதன் மேல் ஸ்டீவ் ஜோன்ஸின் கிதார் படி இறங்குவதுபோல் நான்கு சுரங்களை அழுத்தி வைக்கிறது. பால் குக்கின் டிரம்ஸ் அந்தப் பூட்ஸ் ஓசையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஹெட்போனில் கேட்டால் அங்கே ஒரு கிதார் இல்லை என்பது தெரியும். ஒரே ஆள் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார். அப்படிப் பதியும்போது கை ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் ஒலி குழம்பிப் போகும். இங்கே குழம்பவில்லை, சுவர்போல் நிற்கிறது. முயன்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) வாசிக்க வேண்டிய சிட் விஷஸுக்கு வாசிக்கவும் வராது, பதிவின் பெரும்பகுதியில் கல்லீரல் அழற்சியோடு மருத்துவமனையில் வேறு கிடந்தார். ஆகவே பெரும்பாலான பாடல்களில் பேஸையும் ஜோன்ஸே வாசித்தார். கிதாரும் பேஸும் ஒரே கையின் விசையில் ஓடுவதால்தான் அந்த இறுக்கம் கிடைத்தது என்பது என் கணிப்பு.

‘யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்’ என்ற முழக்கத்தை இவர்கள் தலையில் கட்டுவதும் சரியன்று. மூன்று கார்ட்களின் (கிதாரில் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டுகளின்) படத்தைப் போட்டு, இனி போய் ஒரு குழுவைத் தொடங்கு என்று எழுதியது 1977 தொடக்கத்தில் வந்த ‘சைட்பர்ன்ஸ்’ என்ற ரசிகர் இதழ். அது இந்தக் குழுவின் கொள்கை அறிக்கை அன்று.

செந்தாழை:

நீங்கள் இருவரும் கிதாரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஆல்பத்தில் எவரும் முன்பு கேட்டிராத பொருள் ஒன்று உண்டென்றால் அது ஜானி ராட்டன் என்கிற ஜான் லைடனின் குரல்தான். அன்றைய ஆங்கில ராக் பாடகர்களில் பலர் அமெரிக்கர்போல் ஒலிக்கவே முயன்றார்கள். இவரோ லண்டன் தெருப்பேச்சை மறைக்காமல், ரகரத்தை உருட்டி, சொல்லின் கடைசி அசையைப் பல்லிடுக்கில் வைத்து நெரித்து, பாட்டை ஏளனமாகவே மாற்றினார். ‘அனார்க்கி’ தொடங்கும்போது வரும் அந்தச் சிரிப்பைக் கேளுங்கள். அதை எழுதிக் காட்ட முடியாது, குரலால்தான் செய்ய முடியும்.

‘காட் சேவ் த குவீன்’ பாடலை வெறும் பரபரப்பு என்று ஒதுக்குவதையும் நான் ஏற்கவில்லை. பிரிட்டன் 1976இல் பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தி நின்ற நாடு. வேலையற்றோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் தெருவெல்லாம் கொடி கட்டி வெள்ளிவிழா நடத்தினார்கள். எதிர்காலமே இல்லை என்று அந்தப் பாடல் முடிவில் கூட்டமாகத் திரும்பத் திரும்பச் சொல்வது அந்தக் கொடிகளுக்கு நடுவில்தான். பி.பி.சி. தடை செய்தும் அது தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

ஆனால் ஆறாம்தந்தி அவர்களின் பக்கமும் நான் முழுமையாக இல்லை. ‘பாடீஸ்’ பாடலை இன்று எப்படிக் கேட்பது? கருக்கலைப்புச் செய்துகொண்ட ஒரு மனநிலை குலைந்த பெண்ணைப் பற்றிய அந்தப் பாடலில் அருவருப்பு வெள்ளமாக ஓடுகிறது; இடையில் பாடகர் அந்தக் கருவின் குரலிலேயே கத்துகிறார். அது இரக்கமா, பெண்ணின் உடல்மீதுள்ள வெறுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குழப்பம்தான் பாடலின் வலிமை என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அதே 1977இல் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன், பெண்ணை அடக்கி வைக்கும் பழமொழியையே எடுத்துத் தலைகீழாக்கி ஒரு பாடல் தந்தார். கோபம் என்றால் அதுவும் கோபம்தான், ஆனால் அது எங்கே குறிவைக்கிறது என்பதில் ஐயமே இல்லை.

நாலுகட்டை:

செந்தாழை குரலைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. கிதார் அடுக்குகளின் நேர்த்தியையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேஸைப் பற்றி ஆறாம்தந்தி சொன்னதில்தான் என் முக்கியமான தடை இருக்கிறது. ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களில் ‘ஹாலிடேஸ் இன் த சன்’, ‘பாடீஸ்’ இரண்டைத் தவிர மற்ற பத்திலும் உருவாக்கியவர் பட்டியலில், சிட் விஷஸுக்கு முன் பேஸ் வாசித்த க்ளென் மேட்லாக்கின் பெயர் இருக்கிறது. 1977 பிப்ரவரியில் அவர் வெளியேறினார், அல்லது வெளியேற்றப்பட்டார். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘பிரிட்டி வேகன்ட்’ பாடலின் தொடக்க மெட்டுக்கு ஆபா குழுவின் ‘எஸ்.ஓ.எஸ்.’ பாடல் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மாதிரி காது உள்ள ஒருவரை அனுப்பிவிட்டு, அவருடைய இடத்தில் பார்வைக்கு எடுப்பான ஒருவரைக் கொண்டுவந்தார்கள்.

ஆல்பத்தை ஒட்டி அதே காலத்தில் புழக்கத்துக்கு வந்த ‘ஸ்பங்க்’ என்ற திருட்டுப் பதிப்பில், டேவ் குட்மேன் பதிந்த முன்வரைவுகள் உள்ளன. அவற்றில் மேட்லாக்கின் பேஸ் கிதாருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போகிறது; பாட்டுக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. ஆல்பத்தில் ஜோன்ஸ் வாசித்த பேஸ், கிதார் போகும் வழியிலேயே நிழலாகப் போகிறது. நீங்கள் இறுக்கம் என்கிறீர்கள், நான் அடைப்பு என்கிறேன். சுவர் நன்றாக நிற்கிறது, சரி. அதில் ஜன்னல் வைக்க மறந்துவிட்டார்கள்.

கருந்தட்டு:

வாசித்துக்கொண்டே வந்தேன்; மரபுரிமை குறித்து ஒரே ஒரு கேள்வி எழுப்பிவிட்டுப் போகிறேன். இந்த ஆல்பத்துக்கு நாம் எழுதிவைக்கும் வாரிசுப் பட்டியல் உண்மையில் இந்த ஆல்பத்தின் பட்டியலா?

மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் 1976 ஜூன் 4ஆம் நாள் இந்தக் குழு வாசித்தது. அதை ஏற்பாடு செய்த இருவர் பிறகு பஸ்காக்ஸ் குழுவாக நின்றார்கள். பார்க்க வந்த சிறு கூட்டத்தில் இருந்த பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் பின்னர் ஜாய் டிவிஷனைத் தொடங்கினார்கள். அன்று செக்ஸ் பிஸ்டல்ஸுக்குச் சொந்தமாக ஒரு தட்டும் கிடையாது. அப்படியானால் பிரிட்டிஷ் இசையை மாற்றியது மேடையில் நின்ற குழு. ஆல்பம் வந்தபோது மாற வேண்டியவர்கள் ஏற்கெனவே மாறியிருந்தார்கள். 1978 ஜனவரி 14இல் சான் பிரான்சிஸ்கோ மேடையில், ஏமாற்றப்பட்டதாக எப்போதாவது தோன்றியதுண்டா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு லைடன் இறங்கிப் போனார். ஆல்பம் வெளிவந்து மூன்று மாதம்கூட முடியவில்லை, குழுவே இல்லை. அதே லைடன் அந்த ஆண்டே தொடங்கிய பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவில், இந்தக் கிதார் சுவரை இடித்துவிட்டுப் பேஸை முன்னால் கொண்டுவந்து வைத்தார் என்பது நாலுகட்டை அவர்களுக்கு இனிக்கும் செய்தி.

நாட்டிங்ஹாம் வழக்கையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘பொல்லாக்ஸ்’ என்ற கொச்சைச்சொல் உள்ள அட்டையைக் கடைக் கண்ணாடியில் வைத்ததற்காக 1977 நவம்பரில் ஒரு கடை மேலாளர்மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் பாதிரியாரைக் குறிக்கும் பட்டப்பெயராகவும் வழங்கியது என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரே கூண்டேறிச் சாட்சி சொல்ல, வழக்கு தள்ளுபடியானது. ஜேமி ரீட் வடிவமைத்த அந்த எழுத்துகள் அன்று குற்றப்பொருள். 2015இல் அதே அட்டையைக் கடன் அட்டையின் முகப்பில் அச்சிட்டு ஒரு பிரிட்டிஷ் வங்கி விற்றது.

ஆறாம்தந்தி:

கருந்தட்டு சொல்வது மான்செஸ்டருக்குப் பொருந்தும். மற்ற ஊர்களுக்குப் பொருந்தாது. அந்த அரங்கில் இருந்தவர்கள் சிலரே. கடல் கடந்து இருந்தவர்களுக்கு இந்தக் குழு என்றால் இந்தத் தட்டுதான். அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெகாடெத் 1988இல் ‘அனார்க்கி’யை மறுபதிவு செய்தபோது ஸ்டீவ் ஜோன்ஸையே அழைத்து கிதார் தனி வாசிக்க வைத்தார்கள். அதே வகைக் குழுவான ஆந்த்ராக்ஸ் ‘காட் சேவ் த குவீன்’ பாடினார்கள். நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தமக்குப் பிடித்த ஆல்பங்களாகக் கையால் எழுதிவைத்த பட்டியலில் இதுவும் உண்டு. அவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது ‘ஸ்பங்க்’ பதிவின் மூச்சு விடும் இடம் அன்று, கிறிஸ் தாமஸும் ஒலிப்பதிவாளர் பில் பிரைஸும் சேர்ந்து எழுப்பிய அந்தச் சுவர்தான்.

நாலுகட்டை:

மெகாடெத்தையும் ஆந்த்ராக்ஸையும் சாட்சிக்கு அழைத்ததற்கு நன்றி. இது ஹார்ட் ராக் என்று நான் முதல் பதிவில் சொன்னதை என்னைவிட நன்றாக நீங்களே நிறுவிவிட்டீர்கள்.

ஆறாம்தந்தி:

நிறுவினேன் என்றே வைத்துக்கொள்வோம். ஹார்ட் ராக் என்பது எப்போது வசைச்சொல் ஆனது? ஜோன்ஸ், ராக் அண்ட் ரோல் முன்னோடியான சக் பெர்ரியின் வழியில் வாசித்தவர். அதை அவர் ஒருபோதும் ஒளித்ததில்லை. பழைய கிதாரின்மேல் புதிய குரலை ஏற்றியதுதான் இங்கே நடந்தது. செந்தாழை சொன்ன குரல் ரமோன்ஸின் கிதார்மேல் ஏறியிருந்தால் இரண்டும் ஒரே பக்கம் ஓடி, உரசலே இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

செந்தாழை:

அந்த உரசலுக்கு நான் உடன்படுகிறேன். ‘பாடீஸ்’ பற்றிய என் கேள்விக்கு மட்டும் இருவரும் வாயே திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

கருந்தட்டு வணிகத்தைத் தொட்டதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘இ.எம்.ஐ.’, தங்களை ஒப்பந்தம் செய்துவிட்டுக் கைகழுவிய நிறுவனத்தைப் பெயர் சொல்லியே கிண்டல் செய்கிறது. முடிவில் ஏ அண்ட் எம் நிறுவனத்துக்கும் விடைகொடுத்து, உதட்டைக் குவித்துப் பர்ரென்று ஊதி நிறுத்துகிறார்கள். 1977 மார்ச்சில் அரண்மனை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கி, ஒரே வாரத்தில் துரத்திவிட்ட நிறுவனம் அது. மூன்றாவதாக வந்த வர்ஜின் நிறுவனம்தான் அந்த ஊதலை அச்சடித்து விற்றது. வங்கியின் கடன் அட்டையில் இருந்ததும் அதே வர்ஜின் பெயர்தான். ஆகவே 2015இல் எவரும் எதையும் விற்றுத் தொலைக்கவில்லை. கடை அதே கடை, சரக்கும் அதே சரக்கு.

நாலுகட்டை:

‘பாடீஸ்’ பற்றிக் கேட்டீர்கள், பதில் சொல்லாதது என் தவறு. நேற்றிரவு அதை மட்டும் நான்கு முறை கேட்டேன். வரிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதே என் கருத்தும். அந்தப் பெண்ணுக்குப் பாடலில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் ஆல்பத்தில் சிட் விஷஸின் பேஸ் பதிவான பாடல் என்று சொல்லப்படுவதும் அதுதான். ஜோன்ஸின் பேஸை மேலே ஏற்றி, அவருடையதைக் கேட்காத அளவுக்குக் கீழே புதைத்துவிட்டார்கள். ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி வைத்துத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. ஆறாம்தந்தி, உங்கள் காதுக்கு எங்கேயாவது அகப்பட்டால் எந்த நொடியில் என்று எழுதுங்கள்.